குற்றமொழிப்பு மானியம்: நம்பிக்கைக்கா? ருஜுவுக்கா?



நாம் எந்த ஊருக்குப் பேசப் போனாலும் ஒரு துண்டுச் சீட்டு வராமல் இருப்பதில்லை. சீட்டில் கையெழுத்து மாறுமே ஒழிய கேள்வி மாறுவதில்லை. "கடவுள் பயம் போய்விட்டால் ஜனங்கள் திருடமாட்டார்களா? கொலை செய்யமாட்டார்களா? நாடு என்ன ஆவது?" என்பதுதான் அது. இன்று கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகையால் இன்றையப் பேச்சு முழுவதையுமே அதற்குப் பதிலாக வைத்துக்கொள்வோம்.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். உண்டியலை உடைக்கிறவன் நாஸ்திகனா, சாமி நகையைக் கழற்றுகிறவன் கறுப்புச் சட்டைக்காரனா என்று கேட்போம். நீங்களும் கை தட்டுவீர்கள். வாதத்திற்கு அது போதும். ஆனால் வாதம் வேறு, ருஜு வேறு. கடவுள் பயத்தினால் குற்றம் குறைகிறதா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமானால் அப்படிப் பார்ப்பதுதான் பகுத்தறிவு. அந்தக் கணக்கை ஒரு தேசத்தில் போட்டுப் பார்த்தே விட்டார்கள். அதிலும் ஒரு பகுதி சர்க்கார் பணத்தைச் செலவழித்தே நடந்தது. அந்தச் சங்கதியைத்தான் சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் போலீசும் ஜெயிலும் பெரும்பாலும் அந்தந்த மாகாணத்திற்கும் அந்தந்த ஊர் நிர்வாகத்திற்கும் சேர்ந்தவை. மத்திய சர்க்காருக்கு ஊர்த் திருடனைப் பிடிக்கும் வேலை அவ்வளவாக இல்லை. ஆனால் திருட்டும் கொலையும் பெருகிவிட்டது என்று ஜனங்கள் கூச்சல் போட்டால், ஓட்டு வாங்கினவர்கள் சும்மா இருக்க முடியுமா? பணப்பையை அவிழ்ப்பார்கள். 1968-ல் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது அதற்கென்றே ஒரு சட்டம் செய்து, மாகாணங்களுக்கும் ஊர்களுக்கும் குற்றத் தடுப்பு மானியம் கொடுக்க ஓர் இலாகாவை ஏற்படுத்தினார்கள். 1982-ல் அந்த இலாகாவை மூடுவதற்குள் 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. இலாகா போனாலும் மானியம் போகவில்லை. வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருந்தது. 2005-ல் இரண்டு மானியங்களை ஒன்றாக்கி, 1988-ல் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்ட எட்வர்டு பர்ன் என்ற 22 வயதுப் போலீஸ்காரரின் பெயரால் நடத்தி வருகிறார்கள். அதைப் பங்கிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜனத்தொகையில் பாதி, அடிதடி கொலை கொள்ளை போன்ற பலாத்காரக் குற்றங்களில் பாதி என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். அதாவது குற்றம் அதிகமான இடத்திற்குப் பணமும் அதிகம். நோய் இருக்கிற இடத்திற்குத்தானே மருந்து போகவேண்டும்? அதைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. மருந்து கொடுத்தவன் மறுநாள் வந்து நாடி பிடித்துப் பார்த்தானா என்பதே நமது கேள்வி.

நெடுநாள் வரையில் சரியாகப் பார்க்கவில்லை. 1996-ல்தான் அந்த நாட்டுப் பார்லிமெண்டான காங்கிரஸ், வருஷத்திற்கு 300 கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறோமே, பலன் என்ன என்று கேட்டது. மேரிலாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த பண்டிதர்கள் 500-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து 1997-ல் அறிக்கை கொடுத்தார்கள். சில திட்டங்கள் பலன் தருகின்றன, சில தரவில்லை, பெரும்பாலான திட்டங்களுக்கு ஒன்றுமே சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவில்லை என்பதே அதன் சாரம். 1968-ல் ஆரம்பித்த காரியத்திற்கு 1997-ல் வந்த பதில் இது! நம் ஊரில் மழைக்காக யாகம் செய்கிறவனும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அவன் தன்னைப் பண்டிதன் என்றாலும் சயன்ஸ்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இனி கடவுள் விஷயத்திற்கு வருவோம். நிக்சன் ஜனாதிபதிக்கு வலது கையாக இருந்து, வாட்டர்கேட் விவகாரத்தில் 1974-ல் ஜெயிலுக்குப் போன சார்லஸ் கோல்சன் என்பவர், வெளியே வந்து 1976-ல் கைதிகளைக் கிறிஸ்துவின் வழியில் திருப்புவதற்கு ஒரு சங்கம் வைத்தார். அந்தச் சங்கம் 1997-ல் டெக்சாஸ் மாகாணத்தில் ஒரு ஜெயிலில் கைதிகளுக்குக் காலை முதல் இரவு வரை பைபிள், ஜபம், பிரசங்கம், அத்துடன் படிப்பு, தொழில் என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அப்போது அந்த மாகாணத்தின் கவர்னர் ஜார்ஜ் புஷ். அவரே 2001-ல் ஜனாதிபதியானதும், மதச் சங்கங்களுக்கு சர்க்கார் பணம் போய்ச் சேர வழி செய்வதற்காகத் தமது மாளிகையிலேயே ஒரு காரியாலயம் திறந்துவிட்டார். அந்தச் சமயத்தில் 2003-ல் பென்சில்வேனியா சர்வகலாசாலையிலிருந்து டெக்சாஸ் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. பார்த்தீர்களா கடவுளின் மகிமையை என்று பக்தர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அறிக்கையில் என்ன இருந்தது? திட்டத்தை முடித்தவர்களில் விடுதலையான இரண்டு வருஷத்திற்குள் மறுபடி ஜெயிலுக்குப் போனவர்கள் 100-க்கு 8 பேர். திட்டத்தில் சேராத அதே மாதிரியான கைதிகளில் போனவர்கள் 100-க்கு 20 பேர். எட்டு எங்கே, இருபது எங்கே! இதைப் பார்த்தால் நாமே கூட ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போவோம்.

ஆனால் தோழர்களே, "முடித்தவர்கள்" என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் 177 பேர். அவர்களில் முடித்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் 75 பேர். மீதி 102 பேர் எங்கே போனார்கள்? சிலர் முன்னதாக விடுதலையானார்கள், சிலர் தாமாக விலகினார்கள், சிலரை விலக்கினார்கள். அதுமட்டுமல்ல. முடித்தவன் என்று பெயர் வாங்க ஜெயிலில் பாடம் கேட்டால் மாத்திரம் போதாது. வெளியே வந்தபின் மூன்று மாதம் ஒரு வேலையிலும் நிலைத்திருக்க வேண்டும், ஒரு மாதா கோயிலிலும் அங்கத்தினனாக இருக்க வேண்டும். வெளியே வந்து ஒரு வேலையைப் பிடித்து மூன்று மாதம் ஒழுங்காகச் செய்கிறவன் மறுபடி திருடமாட்டான் என்பதைச் சொல்ல ஒரு சர்வகலாசாலை வேண்டுமா? நம்ம ஊர் பெட்டிக்கடைக்காரர் சொல்லமாட்டாரா?

இப்போது 177 பேரையும் சேர்த்து எண்ணுவோம். அந்தக் கணக்கும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, அவர்கள் அதை மறைக்கவில்லை. ஆரவாரம் செய்தவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. 177 பேரில் மறுபடி ஜெயிலுக்குப் போனவர்கள் 100-க்கு 24 பேர். சேராதவர்களிலோ 20 பேர்!

இதைக் கொண்டு பைபிள் படித்ததால் திருடனானான் என்று நாம் சொல்ல வரவில்லை. 24-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அப்படிச் சொல்லிக் கை தட்டு வாங்கினால் அவர்கள் செய்த பித்தலாட்டத்தையே நாமும் செய்தவர்களாவோம். குறைந்தது என்று காட்ட முடியவில்லை என்பது வரையில்தான் நமது வழக்கு.

நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுகிறார்களே, அந்தக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளை பிறந்தவர்கள் மேளதாளத்துடன் வந்து மொட்டையடித்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிறக்காதவள் என்ன செய்கிறாள்? வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறாள், அல்லது வேறு சாமிக்குப் போகிறாள். பொங்கல் பானைகளை எண்ணிவிட்டுப் பூசாரி சாமியின் சக்தியைச் சொல்லுகிறான். அழுகிறவளை எண்ணுவது யார்? டெக்சாஸ் கணக்கும் இந்தப் பொங்கல் பானைக் கணக்குத்தான்.

அதே சங்கம் 1999-ல் அயோவா மாகாணத்தில் நியூட்டன் என்ற ஊரின் ஜெயிலில் திட்டத்தை ஆரம்பித்தது. இங்கேதான் சர்க்கார் பணம் நேராக வந்து சேருகிறது. மாகாணம் கொடுத்த பணம் ஏறக்குறைய 15 லக்ஷம் டாலர். ஆரம்பத்தில் அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது தெரியுமா? கைதிகள் தங்கள் பெண்டு பிள்ளைகளோடு டெலிபோனில் பேசுவதற்குக் கட்டணம் வசூலிக்கிறார்களே, அதில் மிஞ்சிய பணத்திலிருந்து! பிள்ளையின் குரலைக் கேட்க ஒரு ஏழைப் பெண் கட்டின காசு, அவள் எந்த மதமாக இருந்தாலும், ஒரு மதத்தின் பிரசங்கிக்குச் சம்பளமாகப் போயிற்று.

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வசதி அதிகம். அவர்களுக்குக் கொடுத்த கட்டடம் முன்னே நன்னடத்தைக் கைதிகளுக்கு இருந்தது. கதவுக்குச் சாவி அவனவன் கையில், மறைவான கக்கூஸ், குடும்பத்தார் வந்து பார்க்கக் கூடுதல் சந்தர்ப்பம். மற்றவன் கம்பிக்குள்ளே. சேருவது கட்டாயமில்லை, அவனவன் இஷ்டம் என்று சொன்னார்கள். பசித்தவன் எதிரில் சோற்றை வைத்துக்கொண்டு, இந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் இஷ்டப்பட்டு வரலாம் என்றால் அந்த இஷ்டத்திற்கு என்ன அர்த்தம்? மதமும் சர்க்காரும் வேறாக இருக்கவேண்டுமென்று பாடுபடுகிற ஒரு சங்கத்தாரும், கைதிகள் சிலரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2006 ஜூனில் ராபர்ட் பிராட் என்ற ஜட்ஜு இது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று தீர்ப்புக் கூறி, வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டும்படியும் உத்தரவிட்டார். 2007 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு விரோதம் என்பதை ஊர்ஜிதம் செய்தது. ஆனால் முதல் தீர்ப்புக்கு முன்னால் வாங்கின பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று விட்டுவிட்டது. 2008-ல் அயோவாவில் கடையைக் கட்டினார்கள். டெலிபோன் காசு போனது போனதுதான்.

சரி, கடவுள் வேண்டாம், பயம் மட்டுமாவது வேலை செய்யாதா என்று ஒரு தோழர் கேட்கலாம். நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை, முள் படுக்கை என்றெல்லாம் எழுதி வைத்தவர்கள் அந்த எண்ணத்தில்தானே எழுதினார்கள்? அதையும் பரீட்சித்திருக்கிறார்கள். நியூஜெர்சி மாகாணத்தில் ராவே என்ற ஜெயிலில் 1976 முதல், தப்பு வழியில் போகும் சிறுபையன்களை அழைத்து வந்து, ஆயுள் கைதிகள் எதிரில் நிறுத்தி, உள்ளே வந்தால் உனக்கு என்ன கதி ஆகும் பார் என்று உறுமி மிரட்டச் செய்தார்கள். நேரில் காட்டிய நரகம் என்றே சொல்லலாம். 1978-ல் அதைப் படமாக எடுத்தார்கள். 1979-ல் அந்தப் படத்திற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. நாடு முழுவதும் ஊருக்கு ஊர் இதைக் காப்பியடித்தார்கள்.

பின்கனவர் என்ற ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்தார். மிரட்டப்பட்ட பையன்களில் பிறகு குற்றம் செய்தவர்கள் 100-க்கு 41 பேர், மிரட்டப்படாதவர்களில் 11 பேர்! பையன்களின் தொகை சிறியது, பிரித்த முறையிலும் குறை உண்டு என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் பிற்பாடு பல ஊர்களில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஒன்பது பரீட்சைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் மிரட்டினதால் குற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்றும் செய்யாமல் வீட்டிற்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளைகளில் சிலர் தப்பியிருப்பார்கள். கைதிகளும் நல்ல எண்ணத்தோடுதான் மிரட்டினார்கள், பெற்றோரும் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். எண்ணிப் பார்க்காததால் பிள்ளைகள் கெட்டார்கள்.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கூத்து என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டாம். சர்க்கார் பணத்தை மதச் சங்கத்தின் கையில் கொடுத்துக் குற்றவாளியைத் திருத்தச் சொன்ன காரியம், அயோவாவில் நடப்பதற்கு 80 வருஷத்திற்கு முன்னமேயே நம் சென்னை மாகாணத்தில் நடந்தது. ஆனால் இங்கே குற்றவாளி யார் என்று தீர்மானித்தது கோர்ட்டு அல்ல, ஜாதி.

1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் வடநாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தது. தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன் என்று இருக்கிற நாட்டில் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான் என்று அதிகாரிகள் அதற்கு நியாயம் பேசினார்கள். இந்த நியாயம் அவர்கள் கப்பலில் கொண்டு வந்ததல்ல. நம் வருணாசிரமக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. 1911-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திச் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு ஜாதியில் பிறந்த குற்றத்திற்காக ஆண்பிள்ளைகள் ரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். குண்டூர் ஜில்லா ஸ்டூவர்ட்புரத்தில் எருகுலர் என்கிற குறவர் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றி, இரட்சணிய சேனை என்ற பாதிரிச் சங்கத்தாரிடம் ஒப்படைத்தார்கள். நிலமும் சர்க்காருடையது, பண உதவியும் சர்க்காருடையது, பிரசங்கம் பாதிரியுடையது. 1920 ஏப்ரல் 3-ந் தேதி மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற கள்ளர் சமூகத்தார் மீது போலீசார் சுட்டார்கள். 16 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

அதே கள்ளர் நாட்டில் சர்க்கார் பணத்தில் பள்ளிக்கூடங்களும் திறந்தார்கள். ரேகைப் புஸ்தகம் 1947-ல் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்ததோடு குப்பைக்குப் போயிற்று. இந்தியா முழுவதற்கும் 1952-ல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். ஒரே சர்க்கார், ஒரே ஜனங்கள். பிறவியை நம்பிச் செலவழித்த காசு துப்பாக்கியில் முடிந்தது, எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செலவழித்த காசு இன்னும் பலன் கொடுக்கிறது.

அப்படியானால் எதுதான் குற்றத்தைக் குறைக்கும் என்று கேட்பீர்கள். இரண்டு சங்கதி மட்டும் சொல்லுகிறோம். சிகாகோ நகரத்தில் அடிதடியும் துப்பாக்கிச் சூடும் மலிந்த பகுதிகளில் 13 பள்ளிக்கூடங்களிலிருந்து 1634 பிள்ளைகள் 2012 கோடை விடுமுறை வேலைக்கு மனுப் போட்டார்கள். எல்லோருக்கும் வேலை இல்லை. ஆகையால் சீட்டுக் குலுக்கிச் சிலருக்குக் கொடுத்தார்கள். எட்டு வாரம், சட்டப்படியான குறைந்த கூலி. அடுத்த 16 மாதத்தில் வேலை கொடுக்கப்பட்டவர்கள் பலாத்காரக் குற்றத்திற்காகக் கைதானது, வேலை கிடைக்காதவர்களைவிட 100-க்கு 43 பங்கு குறைவு. திருட்டு அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைபிளும் இல்லை, மிரட்டலும் இல்லை, எட்டு வாரக் கூலி! இரண்டாவது, நியூயார்க்கில் ஏழைகள் குடியிருப்புகளில் 2016-ல் சீட்டுக் குலுக்கிச் சில இடங்களில் பெரிய விளக்குக் கம்பங்கள் வைத்தார்கள். அங்கே இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுங்குற்றங்கள் 100-க்கு 36 பங்கு குறைந்தன. இருட்டில் பெண்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முனியப்பன் கோயில் பூசாரியைக் கேட்டால் ஒன்று சொல்லுவார், விளக்குக் கம்பம் வேறொன்று சொல்லுகிறது.

எண்ணிப் பார்க்காமல் கொடுப்பது மாத்திரமல்ல, எண்ணிப் பார்க்காமல் பிடுங்குவதும் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய சர்க்கார் ஊர்களுக்கும் சங்கங்களுக்கும் கொடுத்து வந்த குற்றத் தடுப்பு மானியங்களில் முந்நூறுக்கு மேற்பட்டவற்றை நடு வருஷத்தில் ஒரேயடியாக நிறுத்திற்று. தங்கள் புதிய கொள்கைக்கு ஒத்து வரவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். சில பிற்பாடு திரும்பக் கொடுக்கப்பட்டன. இது பலன் தந்தது, இது தரவில்லை என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு நிறுத்தியிருந்தால் நாமே மெச்சுவோம்.

நமக்கும் வேலை இருக்கிறது. டில்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பின், பெண்கள் பாதுகாப்புக்காக 2013-ல் இந்திய சர்க்கார் நிர்பயா நிதி என்று ஒன்று ஏற்படுத்திற்று. முதலில் ஒதுக்கியது 1000 கோடி ரூபாய். அதிலிருந்து பாதுகாப்பான நகரத் திட்டத்திற்காக எடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. கேமரா, விளக்கு, ரோந்து வண்டி என்று பணம் செலவாகிறது. நல்லது. கேமரா வைத்த தெருவில் வைப்பதற்கு முன் எத்தனை புகார், வைத்த பின் எத்தனை புகார், வைக்காத பக்கத்துத் தெருவில் எத்தனை? கேமராக்களில் இன்று வேலை செய்பவை எத்தனை? இதைக் கேட்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு காகிதத்தில் எழுதிப் பத்து ரூபாய் கட்டணத்துடன் அனுப்பினால் 30 நாளில் பதில் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கேள்விகளை நான்கு வரியாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். எழுதத் தெரிந்த தோழர்கள் கூட்டம் கலைந்ததும் இந்த மேஜையில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வந்த பதிலை, அது நமக்குச் சாதகமானாலும் பாதகமானாலும், பத்திரிகைக்கு அப்படியே அனுப்பி வையுங்கள்.